டெக்னோ இரவைக் காகிதத்தில் சுழற்றுவது எப்படி?

வடிவமைப்பு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக டெக்னோ கிளப் பண்பாட்டைப் பற்றி ஒரு மடிப்பு அச்சிதழும், அதனோடு இணைந்த இணையப் பக்கமும் செய்கிறேன். இரண்டிலும் வாசகர் கையால் இயக்கும் பகுதிகள் வேண்டும். ஆனால் இதுவரை நான் செய்தவை எல்லாம் கறுப்புப் பின்னணியில் நியான் கோடுகளாகவே வந்து நிற்கின்றன. கிளப்புகளில் படம் எடுக்கவும் அனுமதி கிடைப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?”

நியான் கோடுகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவை டெக்னோ என்னும் மின்னணு நடன இசையைப் பற்றி வெளியிலிருந்து பார்த்தவர்கள் வைத்திருக்கும் படம். உள்ளே இருப்பவருக்கு அது முதன்மையாக ஒரு கால அனுபவம்: ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் துடிப்பு, அதன்மேல் மெதுவாக நிகழும் மாற்றம், மணி என்ன என்பதே மறந்துபோகும் நீளம். உங்கள் வாசகரின் கையில் நீங்கள் கொடுக்க வேண்டியது அந்தக் காலத்தைத்தான். எதைத் தொட்டால் எது ஒளிர வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

அந்தக் காலத்துக்கு ஏற்கெனவே ஒரு வரைபடம் உண்டு. ரோலண்டு நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808, 1983-இல் வெளியிட்ட டிஆர்-909 ஆகிய டிரம் மெஷின்களின் (டிரம் ஒலிகளைத் தாளமாக அமைத்து இசைக்கும் கருவிகள்) முகப்பில் ஒரே வரிசையாக 16 பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொரு பொத்தானும் ஒரு சுற்றின் பதினாறில் ஒரு பங்கு. 808-இல் அவை நான்கு நான்காகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என நிறம் பிரிக்கப்பட்டவை. அமெரிக்காவின் டெட்ராய்டு நகர இளைஞர்கள் இந்த இசையைக் கட்டியது இத்தகைய இயந்திரங்களில்தான். ஆகவே உங்கள் பக்கத்தின் கட்டமைப்பை 12 பத்திகளாகப் பிரிக்கும் வழக்கத்தை விட்டு, 16 ஆகப் பிரியுங்கள். எழுத்து, படம், வெற்றிடம் எல்லாம் அந்த 16-இல் உட்காரட்டும். பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. பக்கத்தின் நடை மட்டும் மாறிவிடும்.

இனி கையால் இயக்கும் பகுதி. நான் முதலில் பரிந்துரைப்பது காகிதச் சக்கரம். அடித்தட்டில் மூன்று வளையங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் 16 கூறுகளாகப் பிரியுங்கள்; ஒரு கூறு 22.5 பாகை. உள் வளையம் கிக் டிரம் எனும் கனத்த அடி ஒலி: 1, 5, 9, 13 ஆகிய கூறுகளை நிரப்புங்கள். நடு வளையம் கைதட்டல் ஒலி: 5, 13. வெளி வளையம் திறந்த ஹை-ஹாட் எனும் ஜாலரா போன்ற ஒலி: 3, 7, 11, 15. மேல்தட்டில் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரே ஒரு கூறு அகலத்துக்குச் சாளரம் வெட்டி, இரண்டையும் நடுவில் ரிவெட் அடித்து இணையுங்கள். சுழற்றும்போது சாளரத்தில் நிறங்கள் தோன்றி மறையும் வரிசைதான் டெக்னோவின் அடிப்படைத் தாளம். இசையே தெரியாத ஒருவர்கூட இரண்டு சுற்றுக்குள் அதைக் கண்ணால் பிடித்துவிடுவார்.

இந்த வட்டம் வெறும் அலங்காரத் தேர்வு இல்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் இசைத்தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். அந்த ஒரு சுற்றில் நான்கு துடிப்புகள் அடங்கினால் வேகம் நிமிடத்துக்கு 133⅓ துடிப்பு. டெக்னோவுக்கு அது மிக இயல்பான வேகம். ஊசி வெளியேறாமல் ஒரே வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பூட்டிய பள்ளங்களை ஜெஃப் மில்ஸ் போன்ற கலைஞர்கள் தட்டுகளில் வெட்டியதும் இந்தப் பொருத்தத்தால்தான். உங்கள் சக்கரத்தின் ஓரத்தில் “ஒரு சுற்று, 1.8 விநாடி” என்று மட்டும் அச்சிடுங்கள். வாசகரின் கை அந்த வேகத்தைத் தேடும். அந்தத் தேடலே உங்கள் ஊடாட்டம்.

இன்னொரு வழி, கோட்டுத் திரை அசைபடம். ஓர் அசைவின் நான்கு சட்டங்களை (ஃபிரேம்) கீற்றுகளாக நறுக்கி மாறி மாறி அடுக்கி அச்சிட்டு, கறுப்புக் கோடுகள் அச்சிட்ட ஒளிபுகு தாளை அதன்மேல் இழுப்பது. நான்கு சட்டத்துக்குத் திரையில் ஒரு பங்கு திறப்பு, மூன்று பங்கு கறுப்பு. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கோப்பில் ஒரு கீற்றுக்கு 12 பிக்சல் வையுங்கள். அச்சில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வரும். நான்கு கீற்றுகள் சேர்ந்தால் சுமார் 2 மி.மீ. நிமிடத்துக்கு 130 துடிப்பு வேகத்தில், துடிப்புக்கு ஒரு முழு அசைவு வேண்டுமென்றால் தாளை விநாடிக்கு 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்த்த வேண்டும். மிக மெதுவான இழுப்பு. பாடும் ஒலிபெருக்கியின் கூம்பு, ஏறி இறங்கும் தோள்கள், நகரும் வரிசை இவற்றுக்கு அது அழகாகப் பொருந்தும். படத்தையும் திரையையும் ஒரே இயந்திரத்தில், பக்கத்துக்குள் சுருக்கும் அமைப்பை அணைத்துவிட்டு அச்சிடுங்கள். ஒரு விழுக்காடு அளவு மாறினாலும் படத்துக்குப் பதிலாக அலையலையான கோடுகள்தான் தெரியும்.

அச்சையும் இணையத்தையும் இணைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான மாணவர் பணிகள் வலுவிழக்கின்றன. ஒரு க்யூஆர் குறியீட்டை ஒட்டி, அதைத் தொட்டால் ஒரு காணொளி ஓடச் செய்தால் அது இணைப்பு ஆகாது. காகிதத்தில் செய்ததன் தொடர்ச்சி திரையில் இருக்க வேண்டும். இதற்கும் 16 கூறுகளே கைகொடுக்கும். நிரப்பிய கூறு 1, வெற்றுக் கூறு 0 என்று எழுதினால் ஒரு வளையம் 16 இரும இலக்கங்கள். அவற்றைப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாக மாற்றினால் நான்கே எழுத்துகள். கிக் வளையம் 8888, கைதட்டல் 0808, ஹை-ஹாட் 2222. மூன்றையும் சேர்த்து இணைய முகவரியின் கடைசியில் வைத்து அதைக் க்யூஆர் குறியீடாக அச்சிட்டால், அந்தப் பக்கத்தில் அச்சிட்ட தாளமே திரையில் திறக்கும். வாசகர் திரையில் மாற்றி அமைத்த தாளத்துக்கும் புதிதாக ஓர் எண் கிடைக்கும். அதை அச்சிதழின் வெற்றுச் சக்கரத்தில் பேனாவால் குறித்துக்கொள்ளலாம். முகவரி குறுகியதாக இருப்பதால் குறியீடும் சிறியதாக நிற்கும். அதைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகத் தலைகீழாக்க வேண்டாம், சில செயலிகள் படிக்காது. வெள்ளைக் கட்டத்தில் கறுப்பாக வைத்து, நான்கு பக்கமும் குறியீட்டிலுள்ள சிறு சதுரங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள்.

திரையில் தாளம் பிசகாமல் ஓட, உலாவியின் சாதாரண டைமரை நம்பாதீர்கள். அது தள்ளாடும், உலாவியின் டேப் பின்னணிக்குப் போனால் விநாடிக்கு ஒருமுறை அளவுக்குச் சுணங்கிவிடும். உலாவியிலேயே உள்ள வெப் ஆடியோ வசதி தரும் ஒலிக் கடிகாரத்தைக் கொண்டு அடுத்த சில ஒலிகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிட்டு, படத்தை அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நகரச் செய்யுங்கள். தாளம் உங்களுடையது என்பதால் கிக் எப்போது விழும் என்று உங்களுக்கே தெரியும்; ஒலியை அலசிக் கண்டுபிடிக்கும் அனலைசர் தேவையில்லை. பதிவு செய்த இசைக்குப் படம் அசைய வேண்டுமானால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அனலைசரின் 2048 என்ற இயல்பு அளவில், 44,100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஓர் அதிர்வெண் பட்டையின் அகலம் சுமார் 21.5 ஹெர்ட்ஸ்; கிக்கின் அடி ஒலி பொதுவாக 2, 3 என்ற எண்ணுள்ள பட்டைகளில் (எண்ணிக்கை 0-இல் தொடங்கும்) விழும். அந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

வாசகர் ஒருமுறை தொடும்வரை உலாவிகள் ஒலியை அனுமதிப்பதில்லை. இதைத் தடையாக நினைக்காமல் வாசலாக வடிவமையுங்கள்: இருண்ட பக்கம், ஒரே ஒரு பொத்தான், அழுத்தினால் கிக். புளூடூத் ஹெட்ஃபோன் நூறு மில்லிசெகண்டுக்கும் மேல் தாமதிப்பது வழக்கம். 130 துடிப்பில் ஒரு கூறே 115 மில்லிசெகண்டுதான். எனவே படத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய ஒரு சிறு அமைப்பு கொடுங்கள்.

அடுத்து, நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் ஒரு விஷயம்: மின்னல் வெட்டு. கிளப் என்றாலே விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு நினைவுக்கு வருவதால் திரையையும் மின்ன வைக்கத் தோன்றும். ஒளியுணர் வலிப்பு உள்ளவர்களுக்கு அது நேரடி ஆபத்து. இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி எந்த ஒரு விநாடியிலும் மூன்று முறைக்கு மேல் பெரிய பரப்பு மின்னக் கூடாது. கணக்குப் போடுங்கள்: 130 துடிப்பு வேகத்தில் துடிப்புக்கு ஒரு மின்னல் என்றால் விநாடிக்கு 2.17, எல்லைக்குள் இருக்கிறது. துடிப்புக்கு இரண்டு என்றால் 4.33, எல்லை தாண்டிவிட்டது. ஹை-ஹாட்டோடு திரையை மின்ன வைக்கும் ஆசையை இந்த ஒரு எண் அடக்கிவிட வேண்டும். அடர் சிவப்பு மின்னல் இன்னும் மோசம். துடிப்பைக் காட்ட ஒளி தேவையே இல்லை. கோட்டின் தடிமன், எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி, வட்டத்தின் ஆரம் இவை துடித்தால் போதும். இயங்குதளத்தில் அசைவைக் குறைக்கச் சொல்லி அமைத்திருப்பவர்களுக்கு சி.எஸ்.எஸ்.-இன் பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் வழியாக அசையாத பதிப்பைக் காட்டுங்கள்.

படம் எடுக்க அனுமதி இல்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்தத் தடைதான் உங்கள் பொருளின் மையம் என்று நான் நினைக்கிறேன். பெர்லினின் பெர்க்ஹைன் உள்ளிட்ட கிளப்புகளில் வாசலிலேயே கைபேசிக் கேமராவின்மீது ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே ஆடுகிறவர் யார், யாரோடு வந்தார், என்ன உடுத்தியிருந்தார் என்பது வெளியே போகாது என்ற உறுதி அது. பகலில் தம்மை மறைத்து வாழ வேண்டியவர்கள் அங்கே தாமாக இருக்க முடிவது இதனால்தான். எனவே முகங்களை வரைந்துகூட இட்டு நிரப்பாதீர்கள். வரைவதற்கு வேறு எத்தனையோ இருக்கின்றன: தள வரைபடம், ஒலிபெருக்கிகளின் இடம், பாஸ் எனும் தாழ்ந்த ஒலி எங்கே அடர்கிறது, உடைமைக் காப்பறையின் எண் சீட்டு, வெளியே நிற்கும் வரிசையின் நீளம். சனி நள்ளிரவில் தொடங்கித் திங்கள் நண்பகல்வரை போகும் இரவை 36 மணிநேரம் என்று வைத்துக்கொண்டு, மடிப்புக்கு 3 மணிநேரம் என 12 மடிப்புகளாக விரியும் ஒரு நீள்தாளாகச் செய்யலாம். அதில் மணி எண்களை அச்சிடாதீர்கள். பேட்டி எடுத்தால் பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பேசியவரே முடிவு செய்யட்டும்.

வரலாற்றுப் பக்கத்தில் பெர்லினிலிருந்து கதையைத் தொடங்கும் பணிகளை அடிக்கடி பார்க்கிறேன். அது அநியாயம். டெட்ராய்டுக்கு அருகே பெல்வில்லில் ஒரே பள்ளியில் படித்த கறுப்பின நண்பர்களான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரிடம்தான் 1980-களின் நடுவில் இது உருவம் பெற்றது. பெர்லின் சுவர் விழுந்த பின் அந்நகரின் கைவிடப்பட்ட கட்டடங்களுக்கு அது வந்து சேர்ந்தது. வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் பழைய பெட்டகக் கிடங்கில் டிரேசர் கிளப் 1991-இல் திறந்தது. அதன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடே டெட்ராய்டின் அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ் குழுவினருடையது. 2024-இல் பெர்லின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது டெட்ராய்டைப் பலர் நினைவூட்ட வேண்டியிருந்ததற்குக் காரணம் இந்த மறதிதான். வரைகலைக்கும் இதே நேர்மை வேண்டும். ஓவியர் அப்துல் காதிம் ஹக் டெட்ராய்டு இசைத்தட்டுகளுக்கு வரைந்த ஆழ்கடல், விண்வெளி உருவங்களைப் பாருங்கள். டெக்னோ என்றால் உருவமே இல்லாத கான்கிரீட் சாம்பல் என்ற எண்ணம் உடைந்துவிடும். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், நகலெடுக்காதீர்கள்.

எழுத்துருவைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். படிக்க முடியாத அளவுக்குச் சிதைத்த எழுத்து தலைப்போடு நிற்கட்டும்.

நிறத்துக்கு இப்போது வரலாம். ஒளிரும் மை நான்கு நிற அச்சில் பிறக்காது; தனி மையாகக் கேட்க வேண்டும். வெள்ளைத் தாளின்மீது நேரடியாக விழுந்தால்தான் அது ஒளிரும், வெயிலில் விரைவில் மங்கும். அதைவிடச் சிவப்பு விளக்கின் இயல்பைப் பயன்படுத்துவது எனக்குப் பிடித்தமான வழி. சிவப்பு ஒளியில் சிவப்பு மை தாளோடு கலந்து மறைந்துவிடும்; சயான் மை கறுப்பாகத் தெரியும். மங்கலான சயான் எழுத்துகளின்மேல் சிவப்புக் கோலங்களை அடர்த்தியாக அச்சிட்டால், பகலில் இரைச்சலாகத் தெரியும் பக்கம் சிவப்பு விளக்கின்கீழ் வாசகமாக மாறும். கிளப்பின் விளக்கே உங்கள் ஊடாடு கருவி ஆகிறது. அதே வாசகத்தை இணையப் பக்கத்தில் வெளிப்படையாகவும் கொடுங்கள், எல்லோரிடமும் சிவப்பு விளக்கு இருக்காது.

பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் போட்டால் பூச்சில்லாத தாளில் சாம்பலாக நிற்கும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போன்ற கலவை ஆழம் தரும். ஆனால் அதில் சிறிய வெள்ளை எழுத்துகளை வெட்டினால், அச்சுத் தகடுகள் இம்மி பிசகினாலும் எழுத்தின் ஓரங்கள் நிறம் ஏறி அடைபடும். அந்த இடங்களில் எழுத்தைத் தடிமனாக்குங்கள் அல்லது கறுப்பை மட்டும் விடுங்கள். மடிப்பு விழும் கோட்டிலும் அடர்மை விரிசல் விட்டு வெள்ளை தெரியும், அங்கே மையைக் குறையுங்கள்.

வேலை வரிசையாக முதலில் அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டு சக்கரத்தைச் செய்து, எந்த விளக்கமும் சொல்லாமல் மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்கள் தாமாகச் சுழற்றினால் மட்டும் இணையப் பக்கத்தைத் தொடங்குங்கள். அச்சகத்தில் முழு எண்ணிக்கைக்கு ஒப்புதல் தருமுன் அதே தாளில், அதே மையில் ஒரு மாதிரி வாங்கி, சிவப்பு விளக்கில் ஒருமுறையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும் படித்துப் பாருங்கள். சயானின் அடர்த்தியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். அதைக் கோப்பிலேயே செய்துவிடலாம்.