புரூக்ளினை விட்டுப் போன டாட்ஜர்ஸ் அணிக்கு அப்புறம் என்ன ஆனது?

1957 சீசனோடு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் போன டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் சறுக்கல்தான்: எட்டு அணிகளில் ஏழாவது இடம். சொந்த மைதானமும் கிடையாது. ஒலிம்பிக் நடந்த கொலீசியத்தில் ஆடினார்கள். பேஸ்பாலுக்காகக் கட்டிய இடம் இல்லை என்பதால் இடதுபக்க எல்லை 250 அடி தூரத்திலேயே வந்துவிட்டது. ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) சுலபமாகப் போகாமலிருக்க 40 அடி உயரத்துக்கு வலை கட்டினார்கள். மேல் வரிசையிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி. அதனால் பலரும் டிரான்சிஸ்டரோடு வந்து, வின் ஸ்கல்லியின் வர்ணனையைக் கேட்டபடியே ஆட்டத்தைப் பார்த்தார்கள். அந்த ஊர் இந்த அணியை முதலில் காதால்தான் நேசித்தது என்பேன்.

1959 மே 7 இரவை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. கார் விபத்தில் நடக்க முடியாமல் போய், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஆட்டம்கூட ஆடாத புரூக்ளின் காலத்து ஆட்டக்காரர் ராய் காம்பனெல்லாவுக்காக 93,103 பேர் கூடினார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு ஆளுக்கொரு தீக்குச்சி கொளுத்தினார்கள்.

புரூக்ளினில் அத்தனை காலம் ஆடி ஒரே ஒரு தடவை, 1955-இல், கிடைத்த வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) பட்டம் இங்கே இரண்டாவது வருடமே கிடைத்தது. 1962-இல் சொந்த ஸ்டேடியம் திறந்தார்கள். மறுவருடம், சாண்டி கூஃபாக்ஸ் பந்துவீச, பழைய ஊர்ப் பகையாளி யாங்கீஸை வேர்ல்ட் சீரிஸில் நாலு ஆட்டத்திலும் தோற்கடித்து 4-0 என்று வென்றார்கள்.