முயல் கண்ணில் ஊற்றாமல் தெரிந்துகொள்ள முடியுமா? – கேள்வி பதில்

கோத்தகிரியில் பிறந்து, சமவெளியில் ஒரு நச்சியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். ரசாயனங்களின் பாதுகாப்பை விலங்குகள் இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேத்தியிலிருந்து: அக்கா, யூகலிப்டஸ் தைலம் கலந்து வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன். விலங்குகளிடம் சோதிக்காமல் விற்பது தப்பா?

தப்பே இல்லை. அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிக்க 2014 முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. உங்களுக்கு முதலில் தேவை பிஎச் காகிதம், அதாவது ஒரு பொருள் அமிலமா காரமா என்று எண்ணில் காட்டும் காகிதம். காரம் சரியாகச் சேர்ந்த சோப்பு 9, 10 என்று காட்டும். ஆய்வகத்திலும் முதல் படி இதுதான். பிஎச் 2-க்குக் கீழோ 11.5-க்கு மேலோ போனால், அந்தப் பொருள் தோலை அரித்துத் தின்னும் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு முயலைப் புண்ணாக்க வேண்டியதில்லை. அப்புறம், தைலப் பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே ஆபத்து.

ஊட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: முயல் சோதனை என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? அதற்கு மாற்று என்ன?

நான் செய்திருக்கிறேன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். முயலின் கீழ் இமையை விரலால் இழுத்தால் சின்னப் பை மாதிரி விரியும். அதில் 0.1 மி.லி., அதாவது இரண்டு சொட்டு விட்டு, இமையை ஒரு நொடி மூடிப் பிடிக்க வேண்டும். மற்றக் கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவிடுவோம். 1, 24, 48, 72 மணி நேரத்தில் விளக்கடித்துப் பார்த்து, சிவப்புக்கு, வீக்கத்துக்கு, கருவிழி மங்கலுக்குத் தனித்தனியே மதிப்பெண் போடுவோம். 1944-ல் ஜான் டிரெய்ஸ் என்பவர் வகுத்த முறை இது. முயல் கத்தாது. காதை மடித்துக்கொண்டு கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இரக்கத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் இந்தச் சோதனையில் ஓட்டை இருக்கிறது. முயல் நம்மைப் போல் அடிக்கடி இமைக்காது, கண்ணீரும் குறைவு, மூன்றாவது இமை ஒன்றும் உண்டு. ஒரே பொருளுக்கு ஓர் ஆய்வகம் ஒரு மதிப்பெண் போடும், இன்னோர் ஆய்வகம் வேறொன்று போடும்.

மாற்று என்று கேட்டாயே, கண்ணுக்கு: இறைச்சிக்கூடத்தில் எப்படியும் வெட்டப்பட்ட மாட்டின் கருவிழியை எடுத்து, பொருளை அதில் வைத்து, ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கிறார்கள். தோலுக்கு இன்னும் அழகான வழி இருக்கிறது. அறுவை சிகிச்சையில் மிஞ்சும் மனிதத் தோலிலிருந்து செல்களை எடுத்து, சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோல் வளர்க்கிறார்கள். அதன்மேல் பொருளைத் தடவிக் கழுவி, இரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயம் விட்டால், உயிரோடிருக்கும் செல்கள் அதை நாவல்பழ நிறமாக்கிவிடும். செத்த செல்லில் நிறம் மாறாது. பாதிச் செல்களுக்கு மேல் பிழைக்கவில்லை என்றால் அது எரிச்சலூட்டும் பொருள். முதல் தடவை அந்தத் தட்டில் ஊதா நிறம் ஏறுவதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டபெட்டு பக்கத்திலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி: நாங்கள் அடிக்கும் பூச்சி மருந்துக்கும் இதே மாற்று வந்துவிட்டதா?

முழுதாக வரவில்லை அண்ணா. டப்பாவில் வைரம் போல் சாய்ந்த கட்டம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் சிவப்போ மஞ்சளோ நீலமோ பச்சையோ இருக்கும். அந்த நிறத்துக்குப் பின்னால் இருப்பது எலிகள்தான். எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்ற கணக்கு, 1927-லிருந்து வருவது. எலியின் எடையில் கிலோவுக்கு 50 மி.கி. வரை என்றால் சிவப்பு, 5000-க்கு மேல் என்றால் பச்சை. பழைய முறையில் எலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த வழிமுறையை 2002-ல் ஓஇசிடி, அதாவது இந்தச் சோதனைகளுக்கு வழிமுறை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு, நீக்கிவிட்டது. இப்போது ஒவ்வோர் அளவிலும் சில எலிகளோடு நிறுத்திக்கொள்ளும் முறைகள் இருக்கின்றன.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். அந்த நிறம் ஒரே தடவை விழுங்கினாலோ தோலில் பட்டாலோ என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறது. வருடக்கணக்கில் மூச்சில் போனால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. பச்சை டப்பாதானே என்று முகத்தில் துணி கட்டாமல் அடிக்காதீர்கள்.

குன்னூரிலிருந்து ஒரு பெரியவர்: சிறு வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டேன். அது ஆட்டு மூளையிலிருந்து செய்ததாமே?

ஆமாம் ஐயா, 1907-ல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அப்படித்தான் செய்தார்கள். ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்துத் தயாரித்த மருந்து. அதிலிருந்த நரம்புத் திசுவால் சிலருக்குப் பக்கவாதம் வரைக்கும் போனது. பிறகு வீரோ செல்களுக்கு மாறினார்கள். 1962-ல் ஜப்பானில் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வாரிசுகள் அவை, இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. 2004-க்குள் நாடு முழுக்க ஆட்டு மூளை ஊசி நின்றது. ஆடும் பிழைத்தது, நமக்கும் பாதுகாப்பு கூடியது. ஆனால் தடுப்பூசியின் வீரியத்தைப் பார்க்க இன்னும் பல இடங்களில் சுண்டெலிதான்.

கூடலூரிலிருந்து: விலங்குச் சோதனையை விட்டால் தாலிடோமைடு மாதிரி விபரீதம் திரும்ப வராதா?

நியாயமான பயம். தாலிடோமைடைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் பல குழந்தைகள் கைகால் ஊனத்தோடு பிறந்தன. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்த மருந்தைக் கர்ப்பிணி விலங்குகளிடம் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. சோதித்திருந்தாலும் எலியைப் பார்த்து ஏமாந்திருக்கலாம், ஏனென்றால் எலிக் குட்டிகளுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முயலில்தான் ஊனம் தெரிகிறது. எந்த விலங்கு நம்மைப் போல் நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அதனால்தான் மனிதச் செல்களை நம்புகிறேன். ஆனால் கரு வளர்ச்சி, வருடக்கணக்கில் சேரும் நஞ்சு போன்றவற்றுக்கு ஒரு தட்டுச் செல் போதாது, பல சோதனைகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். புது மருந்துகளுக்குச் செல் வளர்ப்பு, சில்லுக்குள் உறுப்பு (உறுப்பைப் போல் வேலை செய்யும்படி செல்களை வளர்க்கும் சின்னச் சில்லு), கணினியில் போடும் மாதிரிக் கணக்கு ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்ளும்படி இந்தியா 2023-ல் விதியைத் திருத்திவிட்டது. ஊட்டி மாணவியே, உன் படிப்பு முடியும்போது இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும்.