வயிற்றுப் புற்றுநோய்க்குக் கீமோவோடு மூலிகையும் கொடுக்கலாமா?

அப்பாவுக்கு வயிற்றுப் புற்றுநோய், அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஃப்ளாட் (FLOT) என்ற நான்கு மருந்துக் கீமோ தொடங்குகிறது, சொந்தக்காரர்கள் மஞ்சள் கேப்சூல், துரியான் பெலண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம், பெலாலாய் காஜா (ஸ்னேக் கிராஸ் என்னும் மூலிகை) இலைச் சாறு மூன்றையும் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கீமோ முடியும்வரை மூன்றும் வேண்டாம்.

செடியில் மருந்து இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு ஏறப்போகும் ட்ரிப்பிலேயே அது இருக்கிறது. ஃப்ளாட்டின் நான்கு மருந்துகளில் ஒன்றான டோசிடாக்செல், ஐரோப்பிய யூ மரத்து ஊசியிலையில் கிடைக்கும் பொருளை மாற்றிச் செய்தது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதன் உறவான பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை 1960-களில் பசிபிக் யூ மரத்திலிருந்து பிரித்தபோது 12 கிலோ காய்ந்த பட்டைக்கு அரை கிராம்தான் தேறியது. சீன மரமொன்றில் கிடைத்த கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1970-களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூத்திரப்பையில் ரத்தம் கசிந்து சோதனையே நின்றது. மூலக்கூறை மாற்றிய பிறகுதான் இரினோடிகான் என்ற புற்றுநோய் மருந்தானது. கஷாயச் சட்டியில் இந்த அளவும் வராது, இந்த மாற்றமும் நடக்காது.

மஞ்சளின் குர்குமின் ஆய்வகத் தட்டில் வயிற்றுப் புற்றணுக்களைக் கொல்வது உண்மை. ஆனால் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அதற்காகவே கேப்சூலில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். டோசிடாக்செலை உடைக்கும் கல்லீரல் நொதியை அந்தப் பைப்பரின் தடுக்கக்கூடும். மருந்து உடம்பில் கூடுதலாகத் தங்கினால், கிருமியோடு போராடும் ரத்த வெள்ளணு இன்னும் கீழே போகும். இப்படிப்பட்ட கேப்சூலால் சிலருக்கு ஈரலே பாதிக்கப்பட்டிருக்கிறது. ஈரல் டெஸ்ட் ஏறினால் கீமோ தள்ளிப்போகும். சாம்பார் மஞ்சளுக்கும் ரசத்து மிளகுக்கும் பயப்பட வேண்டாம், தாராளமாகக் கொடுங்கள்.

துரியான் பெலண்டாவில் இருக்கும் அனோனசின் நரம்புக்கு நஞ்சு. கைகால் மரத்துப்போவது ஃப்ளாட்டிலேயே வரும் தொல்லை. அதன்மேல் இது எதற்கு? பெலாலாய் காஜாவை ஆப்பிளோடு பச்சையாக அரைத்துக் குடிப்பதில் வேறு ஆபத்து. கீமோ ஏறி ஒரு வாரத்தில் வெள்ளணு குறைந்திருக்கும்போது, இலையில் ஒட்டிய கிருமியே போதும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பானடோல் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.

புட்டியில் 'டி' (T) என்று முடியும் மால் (MAL) எண், அதாவது மலேசிய மருந்துப் பதிவு எண், இருந்தால், பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்று பொருள்; புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாரும் சான்று தரவில்லை. அப்பா ஏற்கெனவே எதையாவது குடித்திருந்தால் மறைக்காதீர்கள். புட்டி, பாக்கெட், இலை எதுவானாலும் எடுத்துப்போய், எத்தனை நாள், எவ்வளவு என்று முதல் ட்ரிப் ஏறும் முன்பே கீமோ ஃபார்மசிஸ்ட்டிடம் காட்டுங்கள்.