சட்டத்தின் மத வேரும் பத்தூர் நடராசரும்

கேள்வி: சட்டம் மதத்திலிருந்து பிறந்தது என்கிறார்கள். அறிவியலும் வணிகமும் நடத்துகிற இன்றைய உலகில் அந்த வேருக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

நிச்சயமாக இருக்கிறது. நான் சிவில் வழக்குகள் நடத்துகிறவன். கோயில் நிலத்து வழக்கு என்றால் பிராதில், அதாவது வழக்கு மனுவில், வாதியின் பெயர் 'அருள்மிகு இன்ன சுவாமி, செயல் அலுவலர் மூலம்' என்று இருக்கும். அலுவலர் மாறுவார், அறங்காவலர் மாறுவார், வாதி மாறுவதில்லை. உயிருள்ள மனிதர் அல்லாத ஒன்று சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம் என்ற இந்த ஏற்பாட்டின் மேல்தான் இன்றைய கம்பெனிச் சட்டமும் நிற்கிறது.

நம் ஊரில் இது வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்ச் சபைகள் கோயில் பணத்தைக் கடன் வாங்குகின்றன. கடன் கொடுப்பவர் பெயர் ஆதிசண்டேசுவரர். வட்டி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். சண்டிகேசுவரர் சன்னதியில் கையைத் தட்டிக் காட்டிவிட்டு வருகிறோமே, எதையும் எடுத்துப் போகவில்லை என்று, அவரேதான். 'சிவன் சொத்து குல நாசம்' என்று பாட்டிமார் சொன்னதும் இதே ஏற்பாட்டைக் காப்பதற்குத்தான்.

ஐரோப்பாவில் இதே வேலையைத் திருச்சபைச் சட்டம் செய்தது. 13ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவராக இருந்த நான்காம் இன்னசென்ட் அடிப்படையில் ஒரு சட்ட அறிஞர். ஒரு சமூகத்தையோ மடத்தையோ ஒட்டுமொத்தமாகச் சபை விலக்கம், அதாவது திருச்சபையிலிருந்து தள்ளிவைத்தல், செய்யலாமா என்ற கேள்வி வந்தபோது கூடாது என்றார். அந்த அமைப்பு சட்டம் கற்பித்துக்கொண்ட ஒரு நபர்தான். அதற்கு ஆன்மா இல்லை, ஆகவே பாவமும் இல்லை என்பது அவருடைய வாதம். 1896இல் சாலமன் வழக்கில், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்று தீர்த்தது. இதற்கு நெடுங்காலம் முன்பே பாதை போட்டுக் கொடுத்தவர்கள் பாதிரிமார்கள். 1925இல் அன்றைய இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், கல்கத்தாவின் முல்லிக் குடும்பத்து வழக்கில், இந்துத் தெய்வ விக்கிரகம் ஒரு சட்ட நபர் என்று அழுத்தமாகச் சொன்னது. நபர் என்றால் பொறுப்பும் உண்டு: 1969இல் நம் உச்ச நீதிமன்றம் தெய்வத்துக்கும் வருமான வரி விதிக்கலாம் என்றது.

சரி, அறிவியல் எங்கே வருகிறது? பத்தூர் நடராசர் வழக்கைச் சொன்னால் விளங்கும். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த சோழர் காலத்து விசுவநாதசுவாமி கோயில் அருகே 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டியபோது கிடைத்த செப்புத் திருமேனி அது. கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போனது. 1982இல் பம்பர் என்ற கனடா நாட்டுக் கம்பெனி சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. பழுதுபார்க்க பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியிருந்த சமயத்தில் போலீஸ் கைப்பற்றியது. கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. உரிமை கோரி எதிரே வந்தவர்களில் பத்தூர்க் கோயிலும் ஒருவர். அங்கிருந்த சிவலிங்கமும் ஒருவர்.

இது அந்தக் கோயிலின் நடராசர்தானா என்பதில்தான் அறிவியல் பேசியது. அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டார்கள்: உலோகம், ஒட்டியிருந்த மண், கரையான் விட்டுப்போன தடம். சிற்ப பாணியைப் பற்றித் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988இல் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தியச் சட்டப்படி கோயில் ஒரு நபர், ஆகவே லண்டனிலும் அது வழக்காடலாம் என்று ஏற்றுக்கொண்டது. நடராசர் ஊர் திரும்பினார்.

எனக்கு இந்த வழக்கின்மேல் தனிப் பிரியம். அங்கே ஆய்வகத்தால் 'இது அங்கே புதைந்திருந்த சிலை' என்று சொல்ல முடிந்தது. 'இது இவருடையது' என்று எந்த நுண்ணோக்கியும் சொல்லாது. அதைச் சொல்வதற்கு உரிமையாளர் ஒருவர் வேண்டும். பூசை நின்று, சுவர் விழுந்து, அர்ச்சகரும் இல்லாமல் போன பிறகும் அந்த உரிமையாளர் சாகவில்லை என்று பிடித்துக்கொண்டது மத மரபு. எதிரே நின்ற கம்பெனியும் அதே போன்ற கற்பித நபர் என்ற தகுதியில்தான் நீதிமன்றத்தில் நின்றது. அப்புறம் அவர்கள் எப்படிக் கோயிலை மட்டும் ஆளே இல்லை என்று தள்ள முடியும்?

ஆனால் இதை எல்லாவற்றுக்கும் நீட்டிக்க முடியாது என்பது என் கருத்து. 2017 மார்ச்சில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட நபர்கள் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் வெள்ளத்தில் ஆள் இறந்தால் நஷ்ட ஈடு யார் தருவது என்று கேட்டு மாநில அரசே மேல்முறையீட்டுக்குப் போனது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. கோயிலுக்கு நிலம் உண்டு, உண்டியல் உண்டு, கையெழுத்துப் போட ஒரு செயல் அலுவலர் உண்டு. பல மாநிலங்கள் வழியாக ஓடுகிற ஆற்றுக்கு அந்த மூன்றையும் முதலில் அமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அதை நீதிமன்றத்துக்கு அழைக்க வேண்டும்.