சின்ன வயதில் போன திருவிழா ராட்டினம், கடைகளில் உங்களுக்கு இன்னும் நினைவில் இருப்பது என்ன?

எனக்கு ராட்டினம் என்றாலே வீரபாண்டிதான். தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கும் கௌமாரியம்மன் கோயில் திருவிழா. நான் சொல்வது தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய காலம். அப்போது எல்லாம் மதுரை மாவட்டம்தான். எங்கள் ஊரிலிருந்து வீரபாண்டிக்கு நடந்தே போய்விடலாம்.

சித்திரை மாதக் கடைசிச் செவ்வாய் ஆரம்பித்து அடுத்த செவ்வாய் வரை எட்டு நாள் திருவிழா. இந்த எட்டு நாளும் கோயில் நடை சாத்த மாட்டார்கள். நடை சாத்தாததால் கூட்டம் குறையாது, கூட்டம் குறையாததால் கடைக்காரர்களும் தூங்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வளையல் கடையில் நின்று அத்தை பேரம் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்கு வெகு சாதாரணம். பள்ளிக்கூடம் லீவு. முதல் போகத்துக்கு ஜூனில்தான் தண்ணீர் திறப்பார்கள் என்பதால் பெரியவர்களுக்கும் வயல் வேலை அவ்வளவாக இருக்காது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைவிடத் தோதான வாரம் வருஷத்தில் வேறு கிடையாது.

திருவிழாவுக்கு மூன்று வாரத்துக்கு முன்பே கோயிலில் முக்கொம்புக் கம்பம், அதாவது மூன்று கிளையாகப் பிரிந்த மரக்கம்பு, நட்டுவிடுவார்கள். அன்று முதல் பெண்கள் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து கம்பத்துக்கு ஊற்ற ஆரம்பிப்பார்கள். அம்மாவும் அப்பத்தாவும் தண்ணீர் ஊற்றப் போவார்கள், நாங்கள் ராட்டின லாரி வந்துவிட்டதா என்று பார்க்கப் போவோம். என்னைக் கேட்டால் திருவிழாவில் பாதி சந்தோஷம் அதில்தான். ராட்டினம் சுற்றுவதற்குக் காசு வேண்டும். மாட்டுவதைப் பார்க்க எவனும் காசு கேட்க மாட்டான். லாரியிலிருந்து கிரீஸும் துருவுமாக இரும்புச் சட்டங்கள் இறங்கும். முதலில் இரண்டு பக்கத் தாங்குகால்களையும் நிறுத்தி, அடியில் மரக்கட்டைகளைச் செருகி மட்டம் பார்ப்பார்கள். அப்புறம் நடு அச்சு ஏறும். அதிலிருந்து ஒவ்வொரு கையாக நீட்டிக்கொண்டே போவார்கள். பெட்டிகள் கடைசியில்தான். பனியனும் கைலியுமாக ஒரு ஆள் அந்த இரும்புக் கைகளில் வெறுங்காலோடு ஏறி, வாயில் போல்ட்டைக் கவ்விக்கொண்டு ஸ்பேனரால் முடுக்குவார். பெல்ட் எதுவும் கிடையாது. மேலிருந்தபடியே கீழே நிற்பவனிடம் பீடி கேட்பார். பொறியியல் படித்துப் பல வருஷம் வேலை பார்த்துவிட்டேன், அந்த ஆளிடம் இருந்த நிதானத்தை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

காசு எப்படிச் சேரும் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பும்போது கையில் எதையாவது திணிப்பார்கள். மாமா கொடுத்தால் நோட்டு, சித்தப்பா கொடுத்தால் சில்லறை, அப்பத்தா கொடுத்தால் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலை வாசனையோடு வரும். வந்ததும் அம்மா, “குடு, நான் வச்சிருக்கேன்” என்பாள். அது திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. ஆகவே விவரமான பிள்ளைகள் மாமா வந்த உடனேயே திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவோம்.

சின்னதாக ஒரு தொட்டில் ராட்டினம் இருக்கும், கையால் தள்ளுவது. அதில் ஏறுகிற வயதைத் தாண்டிவிட்டோம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பெரிய ராட்டினம்தான் குறி. டீசல் எஞ்சின் வைத்து ஓட்டுவார்கள். அந்தப் புகை, மிளகாய் பஜ்ஜி எண்ணெய், மல்லிகைப்பூ எல்லாம் சேர்ந்த ஒரு வாடை உண்டு. இன்றைக்கும் எங்காவது கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடினால் எனக்கு வீரபாண்டிதான்.

பெரிய ராட்டினத்தில் ஆள் ஏற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. வரிசையாக ஏற்ற மாட்டார்கள். ஒரு பெட்டி நிறைந்ததும் அரைச் சுற்று சுற்றி, நேர் எதிர்ப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து அதில் ஏற்றுவார்கள். ஒரே பக்கம் கனம் சேர்ந்தால் சக்கரம் அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், பிரேக்கைப் பிடிப்பவன் பாடு திண்டாட்டம். குண்டான ஆட்கள் வந்தால் ராட்டினக்காரர் தூரத்திலேயே கண்ணால் எடைபோட்டுவிடுவார். “அண்ணே, நீங்க இந்தப் பெட்டி வேணாம், அடுத்ததுல ஏறுங்க” என்று மரியாதையாகச் சொல்வார். இந்தக் கணக்கின் பலன், முதலில் ஏறியவர்கள் உச்சியில் போய் வெகுநேரம் தொங்க வேண்டும். பெட்டிக்குக் குறுக்கே ஒரு சங்கிலி, அவ்வளவுதான் பாதுகாப்பு. காற்றில் பெட்டி ஆடும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா “ஆட்டாதடா” என்று தொடையில் கிள்ளுவாள்.

ஆனால் உச்சியிலிருந்து பார்க்கிற காட்சி இருக்கிறதே! மேற்கே மலை கறுப்பாக ஒரு கோடு. கீழே தென்னந்தோப்புகள். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரைக்கும் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களின் வரிசை. ஆட்கள் தெரிய மாட்டார்கள், நெருப்பு மட்டும் சிறு சிறு புள்ளிகளாக நகரும். கொட்டுச் சத்தமும் மேலே வரும்போது மெலிந்துவிடும். கூட்டத்துக்குள் நடந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்களின் இடுப்பும் முதுகும்தான். திருவிழா எவ்வளவு பெரிது என்று ராட்டினக்காரர் பிரேக் போட்டபோதுதான் பார்த்தேன்.

மரணக்கிணறு பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. பார்க்காதவர்களுக்காக: நிஜக் கிணறு இல்லை. பலகைகளை நட்டு, வெளியே இரும்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய வட்டக் கூடு. படியேறிப் போய் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் சாய்வாக ஒரு வளையம் இருக்கும். பைக்காரர் முதலில் அதில் இரண்டு சுற்று சுற்றி வேகம் எடுப்பார், அப்புறம் சட்டென்று செங்குத்துச் சுவரில் ஏறிவிடுவார். சைலன்சரைக் கழற்றிவிட்ட வண்டி. காது அடைக்கும். வண்டி நம் பக்கம் வரும்போது பலகைகள் படபடவென்று அதிரும், நாம் நிற்கிற மேடையும் சேர்ந்து ஆடும். மேலே இருந்து யாராவது ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். அவர் ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுத்து, ஓட்டத்திலேயே அதைப் பறித்துக்கொண்டு போவார். சித்தப்பா என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து நீட்டச் சொன்னார். விரலில் காற்று அடித்தது தெரிந்தது, அதற்குள் நோட்டு போயிருந்தது.

பின்னால் பள்ளியில் விசைப் பாடம் வந்தபோது வாத்தியார் தண்ணீர் வாளியைச் சுற்றிக் காட்டினார். எனக்கு வாளி தேவைப்படவில்லை. வேகமாகச் சுற்றும்போது சுவர் வண்டியை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது; அந்த அழுத்தத்தில் டயருக்குக் கிடைக்கும் பிடிதான் கீழே விழாமல் தாங்குகிறது; வேகம் குறைந்தால் பிடியும் குறையும். இதைத்தான் அந்த மனிதர் தினமும் ராத்திரி முழுக்க நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவரையே மறுநாள் பகலில் ஆற்றில் பார்த்தோம். சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி மேலேயிருந்து பார்த்தபோது பெரிய ஆளாகத் தெரிந்தவர், பக்கத்தில் ஒல்லியாக, சாதாரணமாக இருந்தார். “அண்ணே, சோப்பு கொஞ்சம் குடுங்க” என்று சித்தப்பாவிடம் கேட்டார். கொடுத்துவிட்டுச் சித்தப்பா சும்மா இருக்கவில்லை, “பயமா இல்லையா தம்பி?” என்றார். “பயமெல்லாம் பலகை நனைஞ்சாத்தாண்ணே. மழை வந்தா ஓட்ட மாட்டேன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன்” என்றார் அவர். கோடை மழை பெய்கிற மாதம் அது. அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாம்பு உடம்பும் பெண் தலையுமாக ஒரு கூடாரம் போடுவார்கள். வாசலில் மைக்கில் ஒருவர் விடாமல் கூப்பிடுவார். உள்ளே போனால் ஒரு மேசை, துணியில் தைத்த பாம்பு உடல், அதன் முனையில் உயிருள்ள ஒரு பெண்ணின் முகம். “என்ன சாப்பிடுவே?” என்று கேட்டால் “பாலும் முட்டையும்” என்பாள். எங்களில் யாரும் நம்பவில்லை, ஆனாலும் உள்ளே போய்ப் பார்ப்போம். ஒரு தடவை அவள் நெற்றியில் கொசு உட்கார்ந்தது. கை வெளியே வரக்கூடாதே! கீழுதட்டை முன்னே தள்ளி மேல்நோக்கி ஊதி ஊதிப் பார்த்தாள். கொசு அசையவில்லை. அக்கா குனிந்து, மேசைக்கு அப்பால் எட்டி, அதை விரட்டிவிட்டாள். பாம்புப் பெண் மெதுவாக “தேங்க்ஸ்க்கா” என்றது எங்கள் வீட்டில் இன்றும் வழக்கில் இருக்கிறது.

கடைகளைச் சொல்ல ஆரம்பித்தால் நீளும். ஜவ்வு மிட்டாய்க்காரர் தோளில் கம்பும், கம்பு உச்சியில் கைதட்டுகிற பொம்மையுமாக வருவார். ரோஸ் நிற மிட்டாயை இழுத்து, முறுக்கி, மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவார். போனால் போகிறதென்று கன்னத்தில் ஒரு துண்டு ஒட்டுவார், அது இலவசம். டெல்லி அப்பளத்தில் மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். முகத்தைவிடப் பெரிது, பசிக்கு ஒன்றுமில்லை. வளையம் எறிகிற கடை பக்கம் போகவே கூடாது. சோப்பு டப்பாவை வைத்திருக்கும் கட்டை, வளையத்தைவிட மயிரிழைதான் சிறியது.

நான் வாங்கியதிலேயே உருப்படியானது தகரப் படகு. பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் நாலைந்து படகுகளை ‘டப் டப் டப்’ என்று சுற்றவிட்டிருப்பார் கடைக்காரர். படகின் வயிற்றில் சின்னத் தகரக் கொதிகலன், அதிலிருந்து பின்பக்கமாக இரண்டு குழாய். குழாயில் தண்ணீரை நிரப்பி, கீழே திரியைக் கொளுத்தி வைத்தால் போதும். தண்ணீர் கொதித்து ஆவி குழாயிலிருக்கும் நீரைப் பின்னால் தள்ளும், படகு முன்னால் போகும். அடுத்த நொடி ஆவி குளிர்ந்து சுருங்கும், குழாய் மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தகரம் உள்ளே வெளியே அசைவதுதான் அந்தச் சத்தம். தள்ளும்போது நீர் ஒரே திசையில் பாய்கிறது, இழுக்கும்போது நாலாபக்கமிருந்தும் வருகிறது. அதனால்தான் படகு பின்னால் வராமல் முன்னாலேயே போகிறது. இது புரிய எனக்குக் கல்லூரி வரை ஆனது. அன்றைக்கு வீட்டு அண்டாவில் விட்டு, ஈயப் பற்று விட்டுப்போகும் வரை ஓட்டினேன். குடிதண்ணீரில் எண்ணெய் மிதந்ததற்கு அப்பத்தா கொடுத்தது தனிக்கதை.

பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், சேத்தாண்டி வேடத்துக்கு. உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு வந்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். சேறு காய்ந்து வெடித்த முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அப்படி ஒருவர் ராட்டின வரிசையில் நின்ற என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “மாப்ளே, காசு இருக்கா?” என்றார். குரலை வைத்துத்தான் மாமா என்று கண்டுபிடித்தேன்.

அந்தக் காலம்தான் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அந்த ஒற்றைச் சங்கிலிப் பெட்டியில் என் மகளை ஏற்றச் சம்மதிக்கவே மாட்டேன். இப்போது கொலம்பஸ், பிரேக் டான்ஸ் என்று வித விதமாக வந்துவிட்டது, லைட்டும் பாட்டும் அமர்க்களம். எனக்கு இருக்கிற ஒரே குறை, எல்லாவற்றையும் தகரம் அடித்து மூடிவிடுகிறார்கள். எஞ்சின் எங்கே இருக்கிறது, எது எதைச் சுற்றுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 2020-இல் கொரோனாவால் திருவிழாவே நடக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் ஊரில் பெரியவர்கள்தான் அதிகம் புலம்பினார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், தேரோட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை வேண்டாம்; சாமி பார்க்க நல்ல நாள், ராட்டினம் பார்க்க லாயக்கில்லை. திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் போங்கள். வண்டியைத் தேனியிலேயே விட்டுவிட்டு ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறுங்கள். முடிந்தால் ஆரம்பிக்கிற செவ்வாய்க்கு ரெண்டு நாள் முன்னாடியே பிள்ளைகளை ஒரு நடை கூட்டிக்கொண்டு போய், ராட்டினம் மாட்டுவதைக் காட்டுங்கள். அதற்கு இன்னும் டிக்கெட் போடவில்லை.