53 வயதில் போட்டோகிராபர் ஆகக் கூடாதா?

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு 53 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியை வேலையை விட்டுவிட்டு இப்போது முழு நேரமாகப் போட்டோ எடுக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24-70 லென்ஸ், ஒரு ஃப்ளாஷ் வாங்கினேன். முகூர்த்த நாட்களில் திருவந்திபுரம் கோயிலில் போய் நின்றுதான் கல்யாணம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் எத்தனை ஜோடிக்குத் தாலி கட்டு நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நெரிசலில் பழகியவளுக்கு மண்டபத்தில் எடுப்பது கஷ்டமே இல்லை.

ஆனால் யாரும் என்னைத் தொழில் தெரிந்தவளாக மதிப்பதில்லை. ‘இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்’ என்கிறார்கள். ஓரகத்தி, ‘பேரன் பேத்தியைத் தூக்குற வயசுல கேமராவைத் தூக்கிட்டு அலையுற’ என்று எல்லார் முன்னாலும் சொல்கிறாள். சொந்தக்காரர்கள் காதுகுத்துக்குக் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க நின்று எடுத்து, ஆல்பமும் போட்டுக் கொடுத்தால் ‘சாப்ட்டுட்டுப் போ’ என்பதுதான் கூலி. பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் ஷூட் எடுக்கும் பையன்கள், ‘ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்கிறார்கள், நான் ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி. சமீபத்தில் ஒரு வளைகாப்பு ஆர்டர். போனில் நன்றாகத்தான் பேசினார்கள். நேரில் போனதும் அந்தப் பெண்ணின் மாமியார் முகம் மாறிவிட்டது. ‘வேற சின்னப் பசங்க யாரையாவது அனுப்ப முடியுமா’ என்று கேட்டார்கள். வயதுதான், வேறென்ன?

வீட்டிலும் அதே கதைதான். வைகாசியில் என் மகனுக்குக் கல்யாணம். சென்னையிலிருந்து வரும் ஒரு குழுவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். நானே எடுக்கிறேன் என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் அப்பா போன பிறகு எப்படியும் நான் மேடையில் நிற்கப் போவதில்லை, பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் படமாவது எடுக்கலாமே என்றுதான் கேட்டேன். அதை விடுங்கள். பெற்ற பிள்ளைக்கே என் தொழில் மேல் நம்பிக்கை இல்லையென்றால் ஊரார் எப்படி நம்புவார்கள்? இந்த வயதில் ஆரம்பித்தது தப்பா? எப்படிச் சொன்னால் இவர்களுக்குப் புரியும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

அன்புள்ள அம்மா,

‘அதை விடுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. எப்படியும் மேடையில் நிற்கப் போவதில்லை என்று யார் முடிவு செய்தது? மகன் சொன்னாரா? சம்பந்தி வீட்டில் சொன்னார்களா? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், யாரும் சொன்னதாக இல்லை. ஒருவரும் வாய் திறப்பதற்கு முன்பே நீங்களாகவே கீழே இறங்கிவிட்டீர்கள்.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. கணவரை இழந்தவர் விசேஷ வீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குங்குமத் தட்டு நம்மைத் தாண்டி அடுத்தவரிடம் போகும், அவ்வளவுதான். அந்த மாமியார் முகம் மாறியதற்கு வயது காரணம் என்கிறீர்கள். இருக்கலாம். எனக்கு வேறொரு சந்தேகம் வருகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். வயது என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் வலி குறைகிறது, இல்லையா?

கேமரா கையில் இருந்தால் தாலி கட்டும் இடத்துக்கு இரண்டடி தள்ளி நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதே பெண் வெறும் கையோடு அங்கே நின்றால் கேட்பார்கள். இத்தனை முகூர்த்தங்களின் நடுவில் நிற்க அந்தக் கேமரா உங்களுக்கு அனுமதிச் சீட்டாக இருந்திருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சொந்த மகன் கல்யாணத்துக்கும் சீட்டு வாங்கிக்கொண்டா போவீர்கள்?

இந்த விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். நம்பிக்கை இல்லாமல்தான் மறுத்தார் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. நீங்கள் கேமராவோடு கீழே நின்றால் அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா எங்கே இருப்பார்? அப்பாவும் இல்லாமல், அம்மாவும் இல்லாமல் மேடையில் நிற்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? இது என் ஊகம்தான். ஆனால் உங்கள் ஊகத்தைவிட இதற்கு வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது வடலூர். 1867-ல் அங்கே தருமசாலை தொடங்கிய வள்ளலார், கணவன் இறந்தால் மனைவி தாலியைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னவர். தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம், அந்தப் பேச்சை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. கல்யாணத்தன்று யாராவது முணுமுணுத்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், மகன் சொல்லட்டும்.

வயதுக்கு வருகிறேன். கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேய போட்டோகிராபர் ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு அவர் மகளும் மருமகனும் கேமரா பரிசளித்தது 1863-ல், அவருடைய 48 வயதில். அடுத்த வருடமே லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில் உறுப்பினரானார். எடுத்த படங்களுக்குக் காப்புரிமை பதிவு செய்தார், விற்றார். ஆகவே தப்பு ஒன்றுமில்லை. சொந்தக்காரர்களுக்குப் புரிய வைக்கப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ரேட்டைச் சொல்லுங்கள், பாதியை அட்வான்ஸாக வாங்குங்கள், வாங்காமல் பையைத் திறக்காதீர்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த வாரமே மகனோடு உட்காருங்கள். தொழில் பேச்சு அன்றைக்கு வேண்டாம். ‘உன் கல்யாணத்துல நான் எங்கப்பா நிக்கணும்?’ என்று மட்டும் கேளுங்கள். மேடையில்தான் என்று சொன்னால், புடவை எடுக்க அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தயங்கினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு பேச்சு.