சீனியர் போட்டோ: பேக்கேஜுக்கு முன்னால் ஃபைலைக் கேளுங்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். சீனியர் போட்டோவுக்காக, அதாவது பள்ளியின் கடைசி வருடப் படத்துக்காக, பள்ளியின் ஸ்டூடியோவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: சிட்டிங் கட்டணம், அதாவது உட்கார வைத்துப் படம் எடுக்கும் கட்டணம், 40 டாலர், பேக்கேஜ் 420 டாலர். மகளோ வெளி போட்டோகிராபர்தான் வேண்டும் என்கிறாள். அவர் ஒன்றரை மணி நேரத்துக்கு 350 டாலர் கேட்கிறார். பள்ளி முடிக்கும்போது ஒரு குரூப் போட்டோவோடு நிறுத்திக்கொண்டவர்கள் நாங்கள். இதில் எது கட்டாயம்? மதுரையில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் பெரிய படம் அனுப்ப ஆசை.

பதில்: நீங்கள் தவறவிடக் கூடாதது இயர்புக், அதாவது பள்ளியின் ஆண்டு மலரில் வரும் படம் ஒன்றுதான். பக்கம் முழுக்க ஒரே மாதிரி அமைய வேண்டும் என்பதால், பல பள்ளிகள் ஒப்பந்த ஸ்டூடியோ எடுத்த படத்தை மட்டுமே அதில் போடுகின்றன. பெண் பிள்ளைகளுக்குத் தோளைச் சுற்றிப் போடும் கறுப்புத் துணியான டிரேப், பையன்களுக்கு டக்சிடோ கோட்டு, எல்லாம் ஸ்டூடியோவிலேயே இருக்கும். இயர்புக்குக்கு மட்டும் கட்டணமில்லாமல் எடுக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. உங்கள் 40 டாலர், உடை மாற்றிப் பல போஸ் எடுப்பதற்கான தொகையாக இருக்கலாம். இயர்புக்கைக் கவனிக்கும் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இலவச சிட்டிங் உண்டா, கடைசித் தேதி எது என்று கேட்டுவிடுங்கள்.

420 டாலர் பேக்கேஜை அன்றைக்கே வாங்காதீர்கள். படங்களைப் பார்த்த பிறகு வாங்கினால் போதும். 'இன்றே ஆர்டர் செய்தால் தள்ளுபடி' என்றால், படங்கள் எத்தனை மாதம் இணையத்தில் இருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். பேக்கேஜில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் வாலட் படங்கள். இரண்டரைக்கு மூன்றரை அங்குலம்தான் அதன் அளவு. தோழிகளோடு மாற்றிக்கொள்ள அவளுக்கு எத்தனை வேண்டும் என்று மகளையே கேளுங்கள். சொந்தக்காரர்களுக்காக நாலைந்து டஜன் வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும்.

வெளி போட்டோகிராபர் விஷயத்தில்தான் நான் பெரிதும் கவலைப்படுகிறேன். 350 டாலர் எதற்கு? பலரிடம் அது எடுப்பதற்கான கூலி மட்டும். பிரிண்டும் டிஜிட்டல் ஃபைலும் தனி விலை. இப்படி ஆரம்பிக்கும் கணக்கு, படங்களைக் காட்டும் நாளில் மூன்று நான்கு மடங்காகிவிடும். பெற்ற பிள்ளையின் முகத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி விலை சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்? அதனால் முன்பணம் தருவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்: திருத்திய ஃபைல் எத்தனை, முழு அளவில் தருவார்களா, வாட்டர்மார்க் இருக்குமா, அச்சிட அனுமதி உண்டா.

அந்த அனுமதியை இங்கே பிரிண்ட் ரிலீஸ் என்பார்கள். அமெரிக்கச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக் கையெழுத்திடாவிட்டால், படத்தின் காப்புரிமை எடுத்தவருக்குத்தான். காசு கொடுத்தது நீங்கள் என்பதால் அது மாறாது. ஸ்டூடியோ படம் போலத் தெரிந்தால் கடை லேப்பில் ரிலீஸ் இல்லாமல் அச்சிட மறுக்கலாம். ரிலீஸ் கையில் இருந்தால் ஃபைலை அனுப்பி மதுரையிலேயே பெரிதாகப் போட்டு ஃபிரேம் மாட்டிவிடலாம். கண்ணாடி ஃபிரேமைப் பார்சல் கட்டி அனுப்பும் அவஸ்தை இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் தரம் குறைந்துவிடும்.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அவர் வராமல் போனாலோ சொன்னதைத் தராமல் போனாலோ கார்டு நிறுவனத்திடம் முறையிட வழி இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் ஸெல் சேவை மூலம் நீங்களே அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

உடை அவள் விருப்பம். பட்டுப் பாவாடை தாவணியில் ஒரு படம் எடுக்க அவளுக்கும் ஆசை இருந்தால் ஒன்று கவனியுங்கள்: ஸ்டூடியோவில் பச்சைத் திரை வைத்துப் பின்னணியை மாற்றுவதாக இருந்தால் பச்சைப் பட்டு வேண்டாம், அரக்குக்குப் பச்சை பார்டர்கூட வேண்டாம், அந்த இடம் பின்னணியோடு கலந்துவிடும். கண்ணாடி போடுபவள் என்றால், வெயிலில் கறுக்கும் லென்ஸ் வெளிப்புறப் படத்தில் கண்ணை மறைக்கும். ஆகஸ்ட் வெயிலில் பகலில் வேண்டாம், சூரியன் சாயும் நேரம் நல்லது. டெக்சாஸின் நீலக் காட்டுப்பூவான புளூபானெட் பூக்களுக்கு நடுவே எடுக்க ஆசை என்றால் அது மார்ச் கடைசி, ஏப்ரலில்தான் பூக்கும். இயர்புக்குக்கு உதவாது, பட்டமளிப்பு அழைப்பிதழுக்கு உதவும். அப்படியானால் வெளி போட்டோகிராபரை வசந்தத்துக்குத் தள்ளிவைக்கலாமே? இப்போது ஸ்டூடியோவில் இயர்புக் படம் மட்டும் எடுத்துவிடுங்கள். உங்கள் நிலையில் நான் அதைத்தான் செய்வேன்.

கேள்வி: ஒரு போட்டோகிராபர் என் மகனை 'சீனியர் மாடல்' ஆக்கிக் கட்டணத்தில் சலுகை தருகிறாராம். படங்களை இன்ஸ்டாகிராமில் அவன் போட வேண்டுமாம். சம்மதிக்கலாமா?

பதில்: ஒப்பந்தத்தைப் படித்த பிறகு. நண்பர்களை அழைத்துவந்தே ஆக வேண்டும், இவ்வளவு தொகைக்குப் பிரிண்ட் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அது சலுகையே இல்லை. படங்களை அவர் விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாடல் ரிலீஸில் கையெழுத்து கேட்பார். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். எங்கெல்லாம், எத்தனை காலம் பயன்படுத்துவார், வேறு நிறுவனத்துக்கு விற்பாரா என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் முழுக் கட்டணம் வாங்கும் வேறொருவரிடம் போங்கள்.